விரலுக்கு லீவு

அனுபவக் குறிப்பு எழுத உனக்கு அப்படி என்ன வயதாகிவிட்டது என்று வீட்டில் கேட்டார்கள். அஞ்சல் வங்கியின் கவுண்டரில் உட்கார்ந்து எனக்கு மூன்று வருடம்தான் ஆகிறது. ஓய்வு பெற்ற பிறகு எழுதினால் கோபம் ஆறிப்போயிருக்கும். ஆறின கோபத்தால் யாருக்கும் பிரயோசனமில்லை. ஆகவே சூட்டோடு எழுதுகிறேன், தேர்வில் தேறி ஏதோவொரு கிளையில் சேரப்போகிற தம்பி தங்கைகளுக்காக. கிளை இருக்கும் ஊரைச் சொல்லவில்லை. ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.

1. ஒரு கவுண்டர், இரண்டு சட்டம்

என் வீடு திருக்கோகர்ணம். வேலை கிடைத்தது மணமேல்குடி தாலுகாவில் ஒரு கடற்கரைக் கிளை. முதல் நாள் அறந்தாங்கியில் பஸ் மாறிப் போய் இறங்கியபோது, கிளையின் போஸ்ட்மாஸ்டர் தியாகராஜன் சார் வாசலிலேயே நின்று பூட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். உப்புக்காற்றில் பூட்டு இறுகியிருந்தது.

"வாம்மா. பி.காமா? பேங்கிங் எல்லாம் படிச்சிருக்கியா?"

"படிச்சிருக்கேன் சார்."

"அப்ப கஷ்டம்தான். இங்க ஒரு கவுண்டர்ல ரெண்டு பேங்கு இருக்கு."

விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். உண்மைதான். எங்கள் கவுண்டரில் இரண்டு விதக் கணக்குகள். ஒன்று பழைய சேமிப்புக் கணக்கு. அது அஞ்சலுக்கென்றே போட்ட தனிச் சட்டத்தின் கீழ் வருகிறது. இன்னொன்று புதிய வங்கிக் கணக்கு. அது மற்ற வங்கிகளைப் போலவே தேசிய வங்கி ஒழுங்குமுறையின் கீழ் வருகிறது. அறை ஒன்று, போர்டு ஒன்று, நாற்காலியில் இருக்கும் நானும் ஒருத்திதான். வாடிக்கையாளருக்கு வித்தியாசமே தெரியாது, ஏதாவது கோளாறு நடக்கும்வரை.

"புதுக் கணக்குல பிரச்சினைன்னா வெளிய குறைதீர்ப்பாளர் இருக்காரு சார். பழைய கணக்குல பிரச்சினைன்னா?"

"நமக்கே எழுதிப் போடணும்."

"நம்மகிட்ட தீரலேன்னா?"

"தீரலேன்னா தீரலம்மா. வேறென்ன."

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தலைமுறை தலைமுறையாக இந்தக் கவுண்டரை நம்பிக் காசு போட்ட சனம், குறை சொல்ல வெளியே ஒரு வாசல்கூட இல்லாமல் நிற்கிறது. எதிர்ப்பக்கம் இருக்கும் வங்கியின் வாடிக்கையாளருக்கு அந்த வாசல் இருக்கிறது. இரண்டு சட்டங்களையும் பொருத்த வேண்டும் என்று அன்றைக்கே முடிவுகட்டினேன். யாரும் என்னைக் கேட்கவில்லை என்பது வேறு விஷயம்.

2. நண்டுக் கம்பெனி

எங்கள் கிளைக்கு வரும் பெண்களில் பாதிப்பேருக்கு நண்டுக் கம்பெனியில் வேலை. கம்பெனி என்றால் தகரக் கொட்டகை. அவித்த நண்டை உடைத்துச் சதையைத் தனியே பிரித்தெடுக்க வேண்டும். ஓடு அறுக்கும், ஐஸ் தண்ணீர் ஊறவைக்கும். சில வருடங்களில் விரல் நுனி வழவழவென்று ஆகிவிடும். ரேகை இருக்காது.

புதிய கணக்குக்கு ரேகை மெஷின். பச்சை விளக்கு எரிந்தால்தான் பணம். அதனால் அந்தப் பெண்களிடையே ஒரு வழக்கம் உண்டானது. பணம் எடுப்பதற்கு முன்னால் சில நாள் கம்பெனிக்குப் போகமாட்டார்கள். ராத்திரி தேங்காயெண்ணெய் தடவிப் படுப்பார்கள். பாத்திரம் தேய்ப்பதை மகள்களிடம் தள்ளிவிடுவார்கள். ரேகை லேசாகத் துளிர்க்கும், உடனே ஓடிவருவார்கள். இதற்குப் பெயர் விரல் லீவு. கம்பெனி சூப்பர்வைசரே காலையில், "இன்னிக்கு யாருக்கெல்லாம் வெரல் லீவு?" என்று கேட்பாராம். சொந்தப் பணத்தை எடுக்கச் சம்பளத்தை இழக்க வேண்டும். உலகத்தில் எந்த வங்கியாவது இப்படிக் கட்டணம் வாங்குகிறதா?

அவர்களில் லூர்து அக்கா கெட்டிக்காரர். பழைய கணக்கை விடவே இல்லை. பழைய சட்டத்தில் கையெழுத்துப் போடத் தெரியாதவர் பெருவிரலை மையில் தொட்டு வைக்கலாம். போஸ்ட்மாஸ்டருக்குத் தெரிந்த ஒருவர் சாட்சி போட்டால் போதும்.

"புதுசுக்கு மாறுங்கக்கா, போன்லயே பணம் அனுப்பலாம்" என்று நான் ஒருதரம் ஆர்வக்கோளாறில் சொன்னேன்.

"ஏன் பாப்பா, என் மூஞ்சி ஒனக்குத் தெரியுதுல்ல?"

"தெரியுதே."

"ஒன் மெஷினுக்குத் தெரியாதுல்ல. நான் இங்கிட்டே இருந்துக்குறேன்."

3. வரைவு வந்தது

போன வருடம் ஒரு வரைவு வந்தது. அஞ்சல் வங்கியின் சட்டத்தைத் தேசிய வங்கி ஒழுங்குமுறையோடு பொருத்தப் போகிறார்கள், கிளைகள் கருத்துச் சொல்லலாம். பஸ்ஸிலேயே முழுதும் படித்துவிட்டேன். அதில் முக்கியமாக இரண்டு பகுதி. வாடிக்கையாளரை அடையாளம் காணும் முறை இனி எல்லா வங்கிகளையும் போல. வாடிக்கையாளர் குறை சொல்லும் உரிமையும் இனி எல்லா வங்கிகளையும் போல. வெளியே குறைதீர்ப்பாளர், பதில் சொல்லக் கெடு, தாமதத்துக்கு இழப்பீடு. எனக்குக் கால் தரையில் பாவவில்லை. உட்கார்ந்து பக்கம் பக்கமாகக் கருத்து எழுதினேன்.

தியாகராஜன் சார் கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார். "ஏம்மா, கருத்து கேட்டாங்கன்னா கருத்து சொல்லணும்னு அர்த்தமா?"

"பின்ன எதுக்கு சார் கேக்குறாங்க?"

"கேட்டோம்னு எழுதிக்கிறதுக்கு."

அடுத்த மாதமே சுற்றறிக்கை வந்தது. சட்டத் திருத்தத்துக்கு முன்னேற்பாடாக, பழைய கணக்குகளுக்கும் உடனடியாக மெஷின் ரேகை மட்டும், சாட்சி முறை நிறுத்தப்படுகிறது. சரி, குறைதீர்ப்பாளர் எங்கே? கடைசிப் பத்தியில் இருந்தார். திருத்தம் நிறைவேறிய பின் தனியே அறிவிக்கப்படுமாம். விலங்கு இன்றைக்கு, சாவி பிறகு. நான் அந்தத் தாளை மேசையில் அடித்த அடியில் பசை டப்பா கீழே விழுந்தது.

4. எஞ்சின்

அந்த வாரம்தான் லூர்து அக்காவுக்குப் பணம் தேவைப்பட்டது. அவர் வீட்டுக்காரரின் பைபர் படகில் எஞ்சின் போய்விட்டது. மனுஷர் அடுத்தவர் படகில் கூலிக்குப் போய்க்கொண்டிருந்தார். கோட்டைப்பட்டினத்தில் ஒருவர் வளைகுடா நாட்டுக்கு வேலைக்குக் கிளம்புவதால் தன் எஞ்சினை விற்கிறார். தான் ஊரைவிட்டுக் கிளம்பும்வரை அதை அக்காவுக்காக வைத்திருப்பதாக வாக்குக் கொடுத்திருந்தார். அது கிடைத்தால் சொந்தப் படகு ஓடும். கிடைக்காவிட்டால் காலத்துக்கும் கூலிதான்.

அக்கா மெஷினில் பெருவிரல் வைத்தார். சிவப்பு. அடுத்த விரல், சிவப்பு. கையைச் சேலையில் துடைத்துத் துடைத்து எல்லா விரலையும் வைத்தார்.

"போன்ல ஒரு நம்பர் வரும்ல, அத வச்சு எடுக்க முடியுதான்னு பாக்கலாமாக்கா?" என்றேன்.

"அந்தப் போனு அவுகளோட கடலுக்குல்ல போயிருக்கு. அவுக கரைக்கு வர நாளாகும்."

விரல் லீவு போட்டார். எண்ணெய் தடவினார். திரும்ப வந்தார். சிவப்பு.

"பாப்பா, நான் யாருன்னு ஒனக்குத் தெரியாதா?" அவர் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

அவருக்காகக் குறைதீர்ப்பாளருக்கு எழுதினேன். பதில் வந்தது: இது தனிச் சட்டத்தின் கீழ் உள்ள அஞ்சல் சேமிப்புக் கணக்கு, எங்கள் வரம்புக்குள் வராது. எங்கள் மேலிடத்துக்கு எழுதினேன். பதில் வந்தது: இது வங்கி ஒழுங்குமுறைப்படியான நடைமுறை, தளர்த்த இயலாது. ஒரே பெண், ஒரே கணக்கு. பணம் கொடுக்க மறுக்கும்போது நாங்கள் வங்கி. புகார் வரும்போது நாங்கள் தபால்.

கோபத்தில் ஒரு நல்ல காரியம் செய்தேன். எந்த ஒழுங்குமுறையைக் காட்டிக் கதவை மூடினார்களோ, அதைத் தேடிப்பிடித்துப் படித்தேன். அதிலே இருக்கிறது. கையெழுத்தோ ரேகையோ வைக்க இயலாத வாடிக்கையாளர் ஏதாவது ஒரு குறி வைத்தால் போதும், இரண்டு சாட்சிகள் அடையாளம் காட்ட வேண்டும், அதில் ஒருவர் வங்கியின் பொறுப்பான அலுவலராக இருக்க வேண்டும். அதாவது நாங்கள் ஒழித்துக்கட்டிய முறை, கொஞ்சம் கூடுதல் கவனத்தோடு, அங்கே ஏற்கெனவே உட்கார்ந்திருக்கிறது! எதோடு பொருத்தப் போகிறோமோ அதைச் சுற்றறிக்கை எழுதியவர்கள் புரட்டிக்கூடப் பார்க்கவில்லை.

5. கருத்துக் கேட்புக் கூட்டம்

புதுக்கோட்டையில் ஒரு ஏசி ஹாலில் கூட்டம். மேலதிகாரி ஒருவர் ஸ்லைடு போட்டார். ஒவ்வொரு ஸ்லைடிலும் அம்புக்குறிகள். 'ஏதாவது கருத்து?' என்று அவர் கேட்டதும் எழுந்துவிட்டேன். லூர்து அக்கா விஷயத்தைச் சொன்னேன்.

"எந்த ஆபீஸ்மா நீங்க? சர்வீஸ் எவ்ளோ?"

சொன்னேன். அவர் பக்கத்திலிருந்தவரைப் பார்த்துப் புன்னகைத்தார்.

"நீங்க சொல்றது எக்ஸப்ஷன். நாம பேசுறது பாலிசி."

"எங்க கவுண்டர்ல பாதிப்பேரு நண்டு உரிக்கிறவங்க சார். அவங்க எக்ஸப்ஷன் இல்ல, அவங்கதான் கஸ்டமர். பேங்க் ரெகுலேஷன்லயே சாட்சி வச்சுக் குடுக்கலாம்னு இருக்கு சார்."

"இருக்கலாம். வரப்போற சாப்ட்வேர்ல அந்த ஆப்ஷன் கிடையாதும்மா."

"அப்ப நாம சட்டத்தோட பொருத்துறோமா, சாப்ட்வேரோட பொருத்துறோமா சார்?"

பின்வரிசையில் யாரோ சிரித்துவிட்டார். அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்து, "டீ பிரேக்" என்றார். டீ குடித்துவிட்டு வந்தபோது அடுத்த தலைப்பு ஓடிக்கொண்டிருந்தது. டீ நன்றாக இருந்தது. பஜ்ஜியும் கொடுத்தார்கள்.

6. அக்கா வைத்த குறி

மறுநாள் நடந்ததையெல்லாம் தியாகராஜன் சாரிடம் கொட்டினேன். அவர் விதியின் நகலை வாங்கி இரண்டுதரம் படித்தார். ஓய்வுக்குக் கொஞ்ச காலமே இருக்கிற மனிதர். வம்பு வேண்டாம் என்பார் என்றுதான் எதிர்பார்த்தேன்.

"பழைய ஆப்ஷன் சிஸ்டத்துல இன்னும் இருக்குல்ல?"

"இருக்கு சார். அதத் தொடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"அந்தம்மாவ வரச்சொல்லு. ஒரு சாட்சி நான். இன்னொரு சாட்சிக்கு வெளியாளு ஒருத்தரக் கூட்டியாரச் சொல்லு. கேட்டா, நீங்க பொருந்தச் சொன்ன விதியோடதான் பொருந்தியிருக்கோம்னு சொல்லிக்குவோம்."

ஆள் அனுப்பினேன். லூர்து அக்கா கையெழுத்துப் போடத் தெரிந்த பக்கத்து வீட்டுப் பெண்ணோடு வந்தார். முகத்தில் அவசரம் இல்லை. அது இல்லாததைப் பார்த்ததும் நானே முந்திக்கொண்டு கேட்டேன்.

"எஞ்சின், அக்கா?"

"அவரு நேத்தே பிளைட்டுக்குக் கெளம்பிட்டாரு பாப்பா. எஞ்சின ஜெகதாப்பட்டினத்துக்காரரு தூக்கிட்டுப் போயிட்டாரு. அவரச் சொல்லி என்ன? அவரும் பொறுத்துப் பாத்தாரு."

"இப்பப் பணம் எடுத்துக்கலாம்க்கா. சார் சாட்சி போடுறாங்க. வேற எஞ்சின் கெடைக்கும்."

"எடுக்கத்தான் வந்தேன். மொத்தத்தையும் எடுத்துட்டுக் கணக்க முடிச்சிரு."

தியாகராஜன் சார் நிமிர்ந்தார். "கணக்க ஏம்மா முடிக்கிறீங்க? இனிமே நாங்க பாத்துக்கிறோம்."

"நீங்க இருக்கிறவரைக்கும் பாப்பீக சார். நீங்க போனப்புறம்?"

சார் சீட்டை எடுத்து அக்கா முன்னால் வைத்தார். நான் பேனாவை நீட்டினேன். அக்கா பேனாவை வாங்கிச் சீட்டில் ஒரு கோடு இழுத்தார். சார் கையெழுத்துப் போட்டார், பக்கத்து வீட்டுப் பெண் போட்டார். வேலை அவ்வளவுதான். ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது.

"எங்கக்கா வைக்கப்போறீங்க பணத்த?"

"கம்பெனி மொதலாளிகிட்ட."

"ரசீது குடுப்பாரா?"

"குடுக்க மாட்டாரு."

"வட்டி?"

"அதெல்லாம் எங்க?"

"பின்ன எதுக்குக்கா?"

"வெரல நீட்டுன்னு கேக்க மாட்டாரு பாப்பா. என் வெரலு எப்புடித் தேஞ்சுச்சுன்னு அவருக்குத் தெரியும்ல."

சேலையில் பணத்தை முடிந்துகொண்டு போனார். திட்டவில்லை. கும்பிட்டுவிட்டுப் போனார்.

பத்து நாள் கழித்து சாருக்கு விளக்கம் கேட்டு மெமோ வந்தது. பதிலை நான்தான் டைப் அடித்தேன். விதியை அப்படியே எடுத்துப்போட்டு, கீழே அவர் கையெழுத்து. அதற்குப் பதில் இன்றுவரை இல்லை. வரைவும் வரைவாகவே கிடக்கிறது. சுற்றறிக்கை மட்டும் தினமும் காலை பத்து மணிக்கு எங்களோடு சேர்ந்து வேலைக்கு வந்துவிடுகிறது.

சேரப்போகிற தம்பி தங்கைகளே, நான் இன்னும் பொருத்த வேண்டும் என்கிற கட்சிதான். தனிச் சட்டம் என்ற பெயரில் ஏழை வாடிக்கையாளரைக் கேட்பாரற்று விட்டது போதும். ஆனால் பொருத்துகிறோம் என்று ஒரு தாள் வந்தால், எந்தப் பத்தி நாளைக்கே அமலாகிறது, எது 'பின்னர் அறிவிக்கப்படும்' என்று போகிறது என்று முதலில் பாருங்கள். வாடிக்கையாளரைக் கட்டுவதெல்லாம் நாளைக்கே என்றும், அவருக்குத் தருவதெல்லாம் பின்னர் என்றும் இருந்தால், கூட்டத்தில் எழுந்து நில்லுங்கள். டீ பிரேக் விடுவார்கள். திரும்பி வந்து மறுபடியும் நில்லுங்கள். அசல் விதியைக் கையில் வைத்துக்கொண்டு நில்லுங்கள்.

லூர்து அக்காவின் சேமிப்பு இன்று பழைய சட்டத்திலும் இல்லை, புதிய சட்டத்திலும் இல்லை. ஒரு தகரக் கொட்டகை முதலாளியின் வாய்ச்சொல்லில் இருக்கிறது. அங்கே அவரை அனுப்பிவைத்தது நாங்கள்.