வாத்துப் படம் போட்ட கேக்

வெள்ளிக்கிழமை, மாலை 5.10. ஷார்ஜா, ரோலா. மகன் இறந்து பன்னிரண்டாம் நாள். அவன் தங்கியிருந்த அறையைக் காலி செய்து சாவியை ஒப்படைத்தேன். நாளை காலை திருச்சிக்கு விமானம்.

ஊரிலிருக்கும் ஐந்து வயதுப் பேத்திக்கு இன்னும் எதுவும் தெரியாது. அப்பா லீவில் வரும்போதெல்லாம் கொண்டுவரும் வாத்துக் கேக்கைத்தான் இன்றும் தொலைபேசியில் கேட்டாள். அதற்காகவே இந்த மளிகைக் கடையில் நிற்கிறேன்.

மெக்சிகோவில் பிறந்த பண்டம் அது. மாவு, சர்க்கரை, சிவந்த பழப்பாகு, மேலே சாக்லேட் பூச்சு. உறையிலுள்ள வாத்துக்குஞ்சு, உலகத்துக் குழந்தைகள் அனைவரையும் பெயர் சொல்லி அறிந்ததுபோல் சிரிக்கிறது. அதை எடுக்க நான் முழங்காலிட வேண்டியிருக்கிறது.

"ஏன் இவ்வளவு கீழே வைத்திருக்கிறீர்கள்?" என்கிறேன்.

கடைக்காரர் கீழக்கரைக்காரர். "கம்பெனி ஆளு டேப்பு புடிச்சு அளந்து வச்சுட்டுப் போனான் சார். மேல வச்சா பெரியவங்க எடுத்து, பின்னாடி எழுதியிருக்கிறதப் படிச்சிருவாங்களாம்."

"உங்கள் பிள்ளைகள் சாப்பிடுவார்களா?"

"மாஃபி, கெடையவே கெடையாது. வீட்டுக்குள்ளயே விடமாட்டேன். உங்களுக்கு எத்தனை பெட்டி போடட்டும்?"

குழந்தையின் உயரத்தை அளந்து ஏமாற்றும் அந்தக் கலையை மனத்துக்குள் இகழ்ந்தபடியே இரண்டு பெட்டி வாங்குகிறேன். கேக் வந்துவிட்டால் அப்பாவும் பின்னால் வருவார் என்று அவள் நம்புவாள். அந்த வாத்துகூட இவ்வளவு பெரிய பொய்யைச் சொன்னதில்லை.

செய்யாமல் விட்டவை:
அவனுடைய கைபேசி இணைப்பைத் துண்டித்தல்.
அவனுடைய சட்டைகளை யாருக்கேனும் கொடுத்தல்.
பேத்தியிடம் சொல்லுதல்.