புதைக்கப்பட்டவனுக்குச் சுகம் கேட்டவர்

சபையில் அவரை ஜெபவீரர் என்றுதான் கூப்பிடுவார்கள். பிழைப்பு என்னவோ சோபாவுக்குத் துணி போர்த்துவது. வாரம் பூராவும் குட்டி ஆணிகளை உதட்டில் கவ்விக்கொண்டு, சுத்தியலும் கையுமாகக் குனிந்து கிடப்பார். பேச வாய் ஏது? அடக்கிவைத்த பேச்சையெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஆண்டவரிடம் கொட்டிவிடுவார். அப்பப்பா, என்ன சரளம்! ஆட்சியில் இருப்பவர்களில் ஆரம்பித்து, பயணம் போகிறவர்கள், பரீட்சை எழுதுகிறவர்கள், பிள்ளையில்லாதவர்கள் என்று ஒருவரையும் விடாமல் ஒரு சுற்று வந்து, நோயாளிகளிடம் முடிப்பார். நடுவே அவர் மூச்சு வாங்குகிற இடம்கூட சபையாருக்கு மனப்பாடம்.

ஆளைக் குறை சொல்ல முடியாது. குடி கிடையாது, புகை கிடையாது, தைக்கக் கொடுத்த துணியில் ஒரு முழம் சுருட்டியது கிடையாது. மனைவி போனபிறகு ஒற்றை அறையில் தானே சமைத்து, தானே துவைத்து உடுத்தி, ஒருவர் வாயிலும் விழாமல் காலத்தை ஓட்டினார். சபையார் சேர்ந்து பாவ அறிக்கை சொல்லும்போது அவரும் நெஞ்சில் கைவைத்துச் சொல்வார். என்ன, சொல்லும்போது மற்றவர்கள் முகம்தான் ஒவ்வொன்றாக அவருக்கு ஞாபகம் வரும்.

அந்த ஞாயிற்றுக்கிழமையும் வழக்கம்போல எழுந்தார், கண்ணை மூடினார், ஓட்டத்தை ஆரம்பித்தார். கடைசியில், "ஆண்டவரே, படுக்கையில் இருக்கிற எங்கள் தச்சர் சகோதரனைத் தொடும். அவரை எழுப்பி, இந்த ஆலயத்துக்கு நடந்துவரச் செய்யும்" என்று உருகி முடித்தார். சபை முழுவதும் ஒரே குரலில் ஆமென் என்றது.

தச்சரைப் புதைத்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. பெட்டியைத் தோளில் தூக்கிப் போனவர்களில் இந்த ஜெபவீரரும் ஒருவர்!

கண்ணைத் திறந்தபோதும் அவருக்கு உறைக்கவில்லை. பெண்கள் பக்கத்தில் ஒருத்தி மட்டும் தலை குனியாமல் தன்னையே பார்த்துக்கொண்டிருந்தது தெரிந்தது. தச்சரின் மனைவி. பாவம், ஆறுதல் தேடுகிறாள் என்று நினைத்துக்கொண்டார். ஆராதனை முடிந்து அவர் தன் குடையைத் தேடிக்கொண்டிருந்தபோது அவள் பக்கத்தில் வந்தாள்.

"அண்ணே," என்றாள், குரலை உயர்த்தாமல். "அவரை அடக்கம் பண்ணியாச்சு."

அவ்வளவுதான், போய்விட்டாள். ஜெபவீரருக்கு உடம்பெல்லாம் குப்பென்று வியர்த்தது. வாசலில் நின்ற போதகரிடம் போனார்.

"ஐயா, இன்னிக்கு என் ஜெபத்துல..."

"அருமையா இருந்துச்சு," என்று போதகர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். "எப்பவும்போல."

ஆராதனையில் தன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தையல்காரரைப் பிடித்தார். "நான் என்ன சொன்னேன்னு கேட்டீங்களா?"

"கேக்காமலா? எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு!"

அட ஆண்டவா! இத்தனை பேரில் ஒருத்தர் காதிலும் விழவில்லை. தப்பித்தோம் என்று சந்தோஷப்பட வேண்டியதுதானே? அதுவும் முடியவில்லை. திட்டுவதற்குக்கூட ஆளில்லாமல் தனியாக வீட்டுக்கு நடந்தார்.

அறையில் சோற்றை வடித்துவைத்துவிட்டு அதைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார். வாய் தவறிவிட்டது, வயசாகிறதல்லவா என்று சொல்லிப் பார்த்தார். மனசு ஒப்பவில்லை. வாய் பிசகாமல்தான் ஓடியது, அவர்தான் அங்கே இல்லை. தச்சர் என்ன, யாரோவா? ஒரே கொட்டகையில் அவன் சோபாவுக்கு மரச்சட்டம் அடிப்பான், இவர் துணி போர்த்துவார். மத்தியானச் சாப்பாடு ஒன்றாகத்தான். அவன் படுக்கையில் விழுந்தபிறகு இவர் போனது ஒரே ஒரு தடவை. வாசற்படியருகே நின்று, கண்ணை இறுக மூடி ஜெபம் பண்ணிவிட்டு, அவன் முகத்தைப் பார்க்காமலே திரும்பிவிட்டார். பிறகு ஞாயிறு தவறாமல் அவன் மனைவியிடம், "ஜெபத்துல வச்சிருக்கேன்மா, வந்து பாக்குறேன்" என்பார். போகவில்லை. சண்டை, மனஸ்தாபம் எதுவும் கிடையாது. இருந்திருந்தாலாவது அதைச் சொல்லிச் சமாதானப்பட்டுக்கொள்ளலாம்.

இப்போது பேசாமல் இருந்துவிட்டால் யாரும் கேட்கப்போவதில்லை. அடுத்த ஞாயிறும் எழுந்து நிற்கலாம், ஓடலாம், கையைக் குலுக்குவார்கள். இப்படியே ஓடி ஓடி ஒருநாள் தானும் பெட்டிக்குள் போய்ப் படுத்துவிடுவோம், ஆண்டவரிடம் ஒரு வார்த்தை நிஜமாகப் பேசியிருக்க மாட்டோம் என்று தோன்றியதும் அவருக்குப் பயம் பிடித்துக்கொண்டது. அந்த அறையில் அப்படி ஒரு தனிமையை, மனைவி செத்த வருஷத்தில்கூட அவர் அனுபவித்ததில்லை.

மறுநாள் வேலைக்குப் போகாமல் தச்சர் வீட்டுக்குப் போனார். கதவு திறந்தேயிருந்தது. முன்னறையில் கட்டிலை எடுத்துவிட்டிருந்தார்கள். அது கிடந்த இடத்தில் தரை மட்டும் வெளிறித் தெரிந்தது. அவள் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்தாள்.

"வாய் தவறிருச்சும்மா," என்று ஆரம்பித்தார். "வயசு வேற ஆச்சா, ஞாபகம் ஒரு இடத்துல நிக்கிறதில்ல. நீ தப்பா எடுத்துக்கக் கூடாது."

"அவரு உங்களைக் கேட்டுட்டே இருந்தாருண்ணே," என்றாள். "கதவு சத்தம் கேட்டா நீங்களான்னு தலையைத் தூக்கிப் பாப்பாரு. உங்களுக்கு ஆள் விடட்டுமான்னு ஒருநாள் கேட்டேன். வேணாம்னுட்டாரு. 'வந்தா ஜெபம் பண்ணிட்டுப் போயிருவான், உக்கார மாட்டான்'னாரு."

ஜெபவீரருக்கு முகம் கறுத்துவிட்டது. என்ன செய்வதென்று தெரியாமல், தெரிந்த ஒன்றைச் செய்தார். முழங்காலில் விழுந்து கண்ணை மூடினார். "இரக்கமுள்ள பிதாவே, துக்கத்தில் இருக்கிற இந்தக் குடும்பத்தை..." வார்த்தைகள் தாமாக வரிசை பிடித்து வந்தன. தன் குரல் தன் காதிலேயே விழுந்ததும் நிறுத்தினார். மறுபடி ஆரம்பித்தார். அதே ராகம். "சீ!" என்றார் தன்னையே.

கண்ணைத் திறந்துகொண்டே பேசினார். "ஆண்டவரே, அவன் செத்தது எனக்கு வலிக்கல. பெட்டி தூக்கும்போது என் தோள்தான் வலிச்சுது. அவன் கிடந்தப்ப எனக்கு இங்க வரவே பிடிக்கல. அந்த நாத்தம் பிடிக்கல, அவனைப் பாக்கப் பயமா இருந்துச்சு. ஜெபம்னு சொல்லித் தப்பிச்சுக்கிட்டேன். உம்மகிட்டயும் இத்தனை வருஷமா அப்படித்தான் தப்பிச்சிட்டு இருந்திருக்கேன். நான் கெட்டவன். இது நேத்துவரைக்கும் எனக்குத் தெரியாது. என்னை மன்னியும்."

அவள் விருட்டென்று எழுந்து உள்ளே போனாள். அடுக்களையிலிருந்து அவள் விம்மி அழுகிற சத்தம் வந்தது. அவர் கட்டில் கிடந்த இடத்துக்கு நகர்ந்தார். "டேய்... டேய்..." என்று தரையைத் தடவிக்கொண்டே அழுதார். அடக்கத்தன்று வராத கண்ணீர் இப்போது மடை திறந்த மாதிரி வந்தது.

முகத்தைக் கழுவிக்கொண்டு அவள் திரும்பி வந்தாள்.

"மன்னிச்சுட்டேன்னு இப்ப என்னால சொல்ல முடியாதுண்ணே."

"சொல்லாதம்மா. வரும்போது வரட்டும்." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவன் கிடந்தப்ப எப்படி இருந்தான், என்னென்ன பேசினான்? ஒண்ணு விடாம எனக்குச் சொல்லு."

கட்டில் கிடந்த இடத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். அவள் தயங்கித் தயங்கிச் சொல்ல ஆரம்பித்தாள். கேட்கச் சகிக்காத இடங்கள் வந்தன. வெயில் உச்சிக்கு ஏறியும் அவர் எழுந்திருக்கவில்லை.