மம்டோலோவின் அடுப்பில் டயர் எரியாது

"ஆச்சு ஆச்சு, கொஞ்சம் பொறுத்துக்கோங்க" என்று ஆட்டுத்தலையைத் தாஜா செய்துகொண்டே, பழுக்கக் காய்ந்த கம்பியை அதன் மூக்கில் வைத்து அழுத்துகிறாள் மம்டோலோ. முடி பொசுங்கி மஞ்சள் புகை கிளம்புகிறது. "இவரு கரண்ட் ஆபீஸ் பெரியவரு. நேத்து ஏழு மணியிலேருந்து நம்மளை இருட்டுல உக்கார வச்சாருல்ல, அதான் இவருக்கு இன்னைக்கு முகச்சவரம்." பக்கத்தில் கிடக்கும் தலை வார்டு கவுன்சிலர். அதற்கடுத்தது, மூன்று முறை பணம் வாங்கியும் தண்ணீர்க் குழாயைச் சரி செய்யாத ஆள். தினமும் பன்னிரண்டு செம்மறித் தலைகள். அவளுடைய கோபத்துக்கு ஆளாகிறவர்களும் தினமும் பன்னிரண்டு பேர் தேறிவிடுகிறார்கள்.

மம்டோலோ என்பது அவள் பெயர் இல்லை, குலப்பெயர். டோலோ குலத்தில் பிறந்தவள். அறுபத்தோரு வயதுப் பொம்பளையைச் சொந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடும் வாய்த்துடுக்கு எங்கள் தெருவில் யாருக்கும் இல்லை. நான் டாக்ஸி ஸ்டாண்டுக்கு எதிரில் பள்ளிக்கூடச் சீருடை தைக்கிறவள். என்னை அவள் "ஏய், தையக்காரி" என்றுதான் கூப்பிடுவாள். முப்பது வருஷமாக என் மிஷினும் அவள் அடுப்பும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கின்றன.

பாதியாக வெட்டிய தார் டிரம்தான் அடுப்பு. பழைய காரின் ஸ்பிரிங்கை நிமிர்த்தி எடுத்த இரண்டு கம்பிகள், முனை உடைந்த கத்தி, ஒரு கோடாலி, கரி பிடித்த பெரிய பானை. காதுக்குள்ளும் கண்ணோரத்திலும் ஒரு முடி மிஞ்ச விடமாட்டாள். வாட்டி, சுரண்டி, கழுவி, கோடாலியால் சரிபாதியாகப் பிளந்து, உப்பு மட்டும் போட்டு மூன்று மணி நேரம் வேக வைப்பாள். வெந்ததும் உதடு சுருங்கிப் பல் தெரியும். டிரைவர்கள் அதைச் சிரிப்புத் தலை என்பார்கள். "காலையில நான் கொஞ்சுறதுக்கு மத்தியானம் சிரிக்குது" என்பாள் இவள்.

வரிசையில் தலை வாட்டுகிறவர்கள் இன்னும் நாலு பேர் இருக்கிறார்கள். அவர்கள் எல்லாரும் அடுப்பு சீக்கிரம் பிடிக்க டயர்த் துண்டு ஒன்றை உள்ளே போடுவார்கள். குப்பென்று பற்றிக்கொள்ளும். மம்டோலோ போடமாட்டாள். ஈர விறகோடும் பழைய பேப்பரோடும் முக்கால் மணி நேரம் மல்லுக்கட்டுவாள். முதல் சவாரி டிரைவர்கள் எல்லாம் அதற்குள் அடுத்த கடைக்குப் போய்விடுவார்கள்.

"ஒரு துண்டு போட்டா என்னம்மா குறைஞ்சு போயிடும்?" என்று புதிதாக வந்தவள் ஒருத்தி கேட்டாள்.

"ரப்பர் வாடை கறியில ஏறும்" என்றாள் மம்டோலோ.

அது காரணமில்லை என்று எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி துணியை மடித்துக்கொண்டிருந்தேன்.

அவளிடம் இரண்டு பெயின்ட் டின்கள் உண்டு. ஒன்றைக் கவிழ்த்து அவள் உட்காருவாள். இன்னொன்று வாடிக்கைக்காரர்களுக்கு. டிரைவர்கள், கண்டக்டர் பையன்கள், சர்ச் போதகர் உட்பட எல்லாரும் அதில் உட்கார்ந்துதான் தின்பார்கள். ஒரே ஒருவர் மட்டும் உட்காரமாட்டார். வெலாபி. எழுபத்திரண்டு வயது, எங்கள் தெருக் குழுவின் தலைவர். வெள்ளிக்கிழமைதோறும் வருவார், பாதித் தலை வாங்குவார், சுவரோரமாக நின்றுகொண்டே தின்பார். அவரும் உட்காரட்டுமா என்று கேட்டதில்லை, இவளும் உட்காருங்கள் என்று சொன்னதில்லை. விலையைத் தவிர இருவருக்கும் நடுவே பேச்சு கிடையாது.

எண்பத்தாறில், வெள்ளைக்காரர் ஆட்சியில், மம்டோலோவின் அண்ணன் ஸோலீலேயைப் போலீஸ் பிடித்துப் போனது. கூடப் பிடிபட்டவர்கள் உள்ளேயே இருக்க, இவனை மட்டும் மூன்றாம் நாள் விட்டுவிட்டார்கள். அப்போது அது போதும், ஒருவனைக் காட்டிக்கொடுத்தவன் என்று முடிவு கட்ட. தெருமுனையில் கூட்டம் கூடியது. கழுத்தில் டயர் விழுந்தது. பெட்ரோல் ஊற்றிக் கொளுத்தினார்கள். உண்மையில் ஸோலீலே போலீஸ் காவலில் இரத்த வாந்தி எடுத்திருந்தான், செத்துத் தொலையப் போகிறான் என்றுதான் போலீஸ் வெளியே தள்ளியது. இந்த விஷயம் அவனுடைய உயிர்ச் சிநேகிதனுக்குத் தெரியும். அந்தச் சிநேகிதன் கூட்டத்தில் முன்வரிசையில் நின்றான், வாய் திறக்கவில்லை. அவர்தான் வெலாபி. அவரைக் குற்றம் சொல்வது சுலபம். அன்று வாய் திறந்தவனுக்கு அடுத்த டயர் என்பதும் எல்லாருக்கும் தெரியும்.

வெள்ளைக்காரர் ஆட்சி போனபிறகு, அந்தக் காலத்தில் கொலை செய்தவர்கள் உண்மையைச் சொல்லி மன்னிப்புக் கேட்க டவுன் ஹாலில் விசாரணை நடந்தது. மம்டோலோ பஸ் பிடித்துப் போனாள், கடைசி வரிசையில் ஒரு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தாள், சாயங்காலம் திரும்பி வந்தாள். "போலீஸ்காரங்க வந்து அழுதாங்க. நம்ம தெருவுலேருந்து ஒருத்தரும் வரல" என்றாள். அவ்வளவுதான். மறுநாள் தலை வாட்ட உட்கார்ந்துவிட்டாள்.

அவள் வலது காலை இழுத்து நடப்பதற்குக் காரணம் வேறு. ஆறு வருஷத்துக்கு முன், ஒரு டிசம்பர் மத்தியானம், மூன்று பேர் வந்து அவள் இடுப்புப் பையைப் பிடுங்கினார்கள். பை இடுப்போடு முடிச்சுப் போட்டிருந்தது. பையோடு அவளையும் தரதரவென்று இழுத்தார்கள். நடைபாதைக் கல்லில் இடுப்பு மோதி எலும்பு முறிந்த சத்தம் என் கடைக்குள் கேட்டது. அவள் வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. இரண்டு பேர் ஓடிவிட்டார்கள். மூன்றாவது ஆள் லுவோ, எங்கள் தெரு நோலீதாவின் மகன், இருபது வயது. விழுந்தது யார் என்று திரும்பிப் பார்த்தான். பார்த்ததும் கால் நகரவில்லை. ஓடியிருந்தால் தப்பியிருப்பான்.

நோலீதா வீட்டுவேலை செய்த குடும்பம் ஊரை விட்டுப் போய் நாலு மாதம் ஆகியிருந்தது. அவள் வீட்டில் சோளக்களி தவிர வேறெதுவும் பொங்கவில்லை என்று பிறகு சொன்னார்கள். எங்கள் தெருவில் பாதி வீட்டில் அதே களிதான். எல்லாரும் பையா பிடுங்கினோம் என்று நான் கேட்டேன், இப்போதும் கேட்பேன்.

ஸ்டாண்டில் டயருக்கா பஞ்சம்? யாரோ ஒன்றை உருட்டிக்கொண்டு வந்தார்கள். யாரோ பெட்ரோல் கேன். முறிந்த இடுப்போடு மம்டோலோ முழங்கையால் தரையில் ஊர்ந்து போனாள். டயரை இரண்டு கையாலும் கட்டிப்பிடித்துக்கொண்டாள்.

"முதல்ல எனக்குப் போடுங்க. அப்புறம் அவனுக்குப் போடுங்க."

போலீஸ் வரும்வரை அவள் கையை யாராலும் பிரிக்க முடியவில்லை. லுவோவுக்கு ஆறு வருஷம். இவளுக்கு எட்டு மாதம் படுக்கை, இடுப்பில் இரும்புக் கம்பி. "ஆட்டுக்குக் கம்பி வச்ச பாவம், எனக்கும் ஒண்ணு வச்சுட்டாங்க" என்று சிரிப்பாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எட்டு மாதமும் அவளுக்குச் சோறு கொண்டு போனவள் நான்தான்.

போன ஆகஸ்டில் லுவோ வெளியே வந்தான். கன்னம் ஒட்டி, யார் முகத்தையும் பார்க்காமல் நடந்தான். தெருக் குழு கூடியது. வெலாபி முடிவைச் சொன்னார்: சனிக்கிழமை முறைப்படி ஆடு வெட்டி, மூதாதையரிடம் சொல்லி, அவனைக் கழுவி வீட்டுக்குள் எடுக்க வேண்டும். மம்டோலோ வந்து அந்தக் கறியைத் தின்ன வேண்டும். இரண்டில் ஒன்று நடக்காவிட்டாலும் அன்று சாயங்காலத்துக்குள் அவன் தெருவை விட்டுப் போய்விட வேண்டும். போனால் எங்கே போவான் என்பதும் எல்லாருக்கும் தெரியும், ஓடிப்போன அந்த இரண்டு பேரிடம்தான்.

"நான் வருவேன்" என்றாள் மம்டோலோ. "பல்லு இருக்கிற வரைக்கும் கறிக்குக் கூப்பிட்டா வருவேன்."

"உனக்கு ரோஷமே கிடையாதா?" என்று கேட்டுவிட்டேன்.

"இருக்குடீ. அதை வச்சுக்கிட்டு அடுப்பு பத்த வைக்க முடியலையே."

சனிக்கிழமை காலை லுவோ தள்ளுவண்டி ஒன்றைத் தள்ளிக்கொண்டு எங்கள் கடைகளைத் தாண்டிப் போனான். வண்டிக்குள், கம்பளிக் கிடங்கில் மூட்டை தூக்கிய காசில் வாங்கிய, கால் கட்டிய ஒரு கிழட்டுச் செம்மறி, ஊர்வலம் போகிற மாப்பிள்ளை மாதிரி கம்மென்று படுத்திருந்தது. மம்டோலோவைப் பார்த்து அவன் நின்றான். ஆறு வருஷத்துக்குப் பிறகு அவளிடம் அவன் பேசிய முதல் பேச்சு இதுதான்:

"உங்க தொழில் செம்மறிதானேம்மா. அதான் வேற வேணாம், இதுதான் வேணும்னு கேட்டு வாங்கினேன்."

அவன் முகத்தில் அப்படி ஒரு பெருமை. மம்டோலோ "நல்லா இருக்குய்யா" என்று மட்டும் சொன்னாள். அவன் போனதும் கம்பியைக் கீழே வைத்துவிட்டாள். என்னைப் பார்த்தாள். சடங்குக்கு வெள்ளாடுதான். ஈட்டி முனை பட்டதும் அது கத்த வேண்டும், அந்தக் கத்தல் கேட்டுத்தான் மூதாதையர் திரும்பிப் பார்ப்பார்கள். செம்மறி குத்தினாலும் கத்தாது. எங்கள் ஜனத்தில் இது தெரியாத ஆண்பிள்ளை கிடையாது.

"அப்பன்னு ஒருத்தன் இருந்திருந்தா, மண்டையில ஒரு தட்டு தட்டிச் சொல்லிக் குடுத்திருப்பான்" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. எனக்கும்தான், மறைப்பானேன்.

நோலீதாவின் முற்றத்தில் முள்கிளைகளால் சின்னதாகப் பட்டி கட்டியிருந்தார்கள். உள்ளே ஆண்கள், வெளியே நாங்கள். லுவோவின் குலமும் வெலாபியின் குலமும் ஒன்று, அதனால் ஈட்டி அவர் கையில். செம்மறியைப் பார்த்ததுமே அவர் முகம் மாறியது. ஆனாலும் குல முன்னோர் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லிக் கூப்பிட்டார். ஈட்டி முனையால் விலாவில் தொட்டார். ஆடு அவரை நிமிர்ந்து பார்த்தது. இன்னொரு முறை. மூன்றாம் முறை. யாரோ ஒருவன் மூக்கால் சிரித்தான்.

வெலாபி ஈட்டியைத் தாழ்த்தினார். "நடக்காதுப்பா. அழாத உயிரை அவங்க ஏத்துக்க மாட்டாங்க. இது நான் போட்ட சட்டம் இல்ல."

வேண்டுமென்றே சொல்லவில்லை, முன்னோருக்குப் பயந்துதான் சொன்னார். ஆண்கள் தொப்பியை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். நோலீதா ஏப்ரனில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். லுவோ கயிற்றைப் பிடித்தபடி, என்ன தப்புச் செய்தோம் என்றே புரியாமல் ஆட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

மம்டோலோ எழுந்தாள். கம்பை ஊன்றி, காலை இழுத்து, பட்டி வாசல் வரை போய் நின்றாள். பெண்கள் அதைத் தாண்டக்கூடாது. அவளும் தாண்டவில்லை.

"வெலாபி அண்ணே."

ஸோலீலே போன முப்பத்தெட்டு வருஷத்தில் அவள் அவரை அப்படிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை.

"சொல்லு, மம்டோலோ."

"ஒரு அழுகை கேக்கணும். அதானே முறை?"

"அதான் முறை."

"எங்க ஸோலீலே அன்னைக்கு அழுதானே. உங்களுக்குக் கேட்டுச்சா?"

தொப்பியோடு எழுந்தவர்கள் அப்படியே நின்றார்கள். வெலாபி ஈட்டியை மண்ணில் ஊன்றினார்.

"கேட்டுச்சு" என்றார். பிறகு, "இன்னும் கேக்குதும்மா."

"அது இத்தனை வருஷமா யாருக்கும் உதவாமக் கிடக்கு. இந்தப் பையனுக்கு ஆகட்டும். வெட்டுங்க."

வெலாபி கண்ணை மூடி மறுபடியும் முன்னோர்களைக் கூப்பிட்டார். தன் குலப் பெயர்களையெல்லாம் சொல்லி முடித்து, கடைசியில் டோலோ குலத்து ஸோலீலே என்றார். அடுத்த குலத்துப் பெயரைப் பட்டிக்குள் சொல்வது எந்த முறையிலும் இல்லை. ஒரு கிழவர்கூட ஆட்சேபிக்கவில்லை. "சமாகு" என்றார், ஏற்றுக்கொள்ளுங்கள் என்று அர்த்தம். நாங்கள் எல்லாரும் திருப்பிச் சொன்னோம். நானும் சொன்னேன்.

லுவோவின் தலையில் பச்சிலைத் தண்ணீர் ஊற்றினார்கள். முதல் கறித்துண்டு மம்டோலோவுக்கு வந்தது. முற்றமே அவள் வாயைப் பார்த்தது. மென்றாள், இன்னும் மென்றாள், விழுங்கினாள்.

"உப்பு பத்தல" என்றாள். "அடுத்த தடவை என்னைக் கேட்டுட்டுப் போடுங்க."

நனைந்த தலையோடு நின்ற லுவோ சிரிக்கத்தான் ஆரம்பித்தான். அது அழுகையாகப் போய் முடிந்தது. அவன் அம்மா ஓடிப்போய்க் கட்டிக்கொண்டாள்.

அந்தச் செம்மறித் தலையை அவளுக்கே கொடுத்தனுப்பியிருந்தார்கள். திங்கட்கிழமை அதை வாட்டும்போது, "இது யாரு, எந்த ஆபீஸ்காரர்?" என்று சீண்டினேன். "இது பாவம், ஆடுதான்டீ" என்றாள்.

வெள்ளிக்கிழமை வழக்கமான நேரத்துக்கு வெலாபி வந்தார். பாதித் தலையைப் பேப்பரில் வைத்துக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பினார். மம்டோலோ குனிந்து ஒரு காதைச் சுரண்டிக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. இழுக்கும் காலை மெல்ல நீட்டி, எதிரே இருந்த பெயின்ட் டின்னை அவர் பக்கம் தள்ளினாள்.