லூர்தக்காவும் மூன்று நாய்களும் கோத்தகிரிக்குப் போன வழி

கோத்தகிரியில் லூர்து மேரி அம்மையார் செவ்வாய்க்கிழமை அதிகாலை காலமானார். அவருடைய தம்பி மகள் ஸ்டெல்லா அன்று காலையே என்னைத் தொலைபேசியில் அழைத்து இதை உறுதிப்படுத்தினார். தூக்கத்திலேயே உயிர் பிரிந்திருக்கிறது. மறுநாள் மாலை அங்குள்ள கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் நடந்தது. திண்டிவனத்திலும் விழுப்புரத்திலும் அவருடன் வேலை பார்த்தவர்கள் பலருக்கு இன்னும் செய்தி போய்ச் சேரவில்லை. அவர்களுக்காகவும், முகம் தெரியாமல் அவர் குரலை மட்டும் அறிந்திருந்தவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன்.

எண்பதுகளில் அவர் திண்டிவனம் தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டர். நான் அங்கே ஒரு நாளிதழின் நிருபர். ரிசீவரை எடுத்தால் முதலில் ஆபரேட்டர்தான் பேசுவார். வெளியூருக்குப் பேச ட்ரங்க் கால் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். நான் சென்னைக்குச் சொல்லும் செய்தி அச்சேறுவதற்கு முன் அவர் காதைத் தாண்டித்தான் போகும். ஊரில் எல்லோரும் அவரை லூர்தக்கா என்றார்கள். நானும் அப்படித்தான் அழைத்தேன். அவருக்கு நான் தம்பி.

ஒரு மழைக்காலத்தில் புயல் அடித்து, விழுப்புரம் பக்கம் ஒரே ஒரு லைன்தான் உயிரோடு இருந்தது. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டிக்காரர் ஒருவர் விலை கேட்க வெகுநேரமாகக் காத்திருந்தார். பிரசவத்துக்கு ஆம்புலன்ஸ் கேட்டு மயிலத்திலிருந்து ஒரு அழைப்பு வந்தது. அக்கா அதற்கு முதலில் லைன் கொடுத்தார். மண்டிக்காரர் நேரே நிலையத்துக்கே வந்து வாசலில் நின்று கத்தினார். நான் அப்போது அங்கே இருந்தேன். அக்கா காதில் மாட்டியிருந்ததைக் கழற்றாமலே பதில் சொன்னார்: “உங்க மல்லாட்டை நாளைக்கும் மல்லாட்டையாத்தான் இருக்கும்ணே. கொழந்த அப்படி இல்ல. இப்பிடி குந்துங்க, டீ சொல்றேன்.” அவர் உட்கார்ந்தார். டீயும் குடித்தார்.

அக்கா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. வீட்டில் மூன்று நாய்கள் இருந்தன. ஜிம்மி, அதன் மகள் மணி, பிறகு துரை. துரை செவலை நிறம், கிழம், ஒரு கண்ணில் பூ விழுந்தது, வாயில் பல் இல்லை. யாரோ வீடு மாறிப் போகும்போது தெருவில் விட்டுவிட்டுப் போன நாய் அது. மூக்கு மட்டும் அதற்கு நன்றாக வேலை செய்தது. கருவாட்டு வாசனை என்றால் சுவர் ஏறிக் குதிக்கும்.

அந்தப் புயல் வருடம் மார்கழியில் அக்காவுக்குப் பதவி உயர்வு வந்தது. கோத்தகிரியில் சூப்பர்வைசர் வேலை. திங்கட்கிழமை காலை அங்கே வேலையில் சேர வேண்டும். சேராவிட்டால் உத்தரவு ரத்தாகி, வரிசையில் அடுத்தவருக்குப் போய்விடும். நாய்களை யாருக்காவது கொடுத்துவிட்டுக் கிளம்பும்படி உடன் வேலை பார்த்தவர்கள் சொன்னார்கள், வீட்டுக்காரர் சொன்னார், மாதா கோயில் சாமியாரும் பூசை முடிந்து வாசலில் நின்று சொன்னார். அக்கா என்னிடம் சொன்னது இது: “எல்லாரும் குடுத்துட்டுப் போன்னு சொல்றாங்க தம்பி. யாருக்குன்னு ஒருத்தரும் சொல்ல மாட்டேன்றாங்க.”

பேருந்தில் நாய்களை ஏற்ற மாட்டார்கள். ஆகவே ஒரு மெட்டாடர் வேன் பேசினார். ஓட்டுநர் கோதண்டம், மயிலத்துக்காரர். கோயம்புத்தூரில் இருந்த தங்கையைப் பார்க்க நானும் போக வேண்டியிருந்தது. “வண்டில எடம் கெடக்குது, வாங்க தம்பி. நாயிங்க ஒண்ணும் பண்ணாது, மேல படுத்துக்கும், அவ்ளோதான்” என்றார் அக்கா. மலைக்குளிருக்காக அக்கா மூன்று நாய்களுக்கும் கோணிச் சாக்கில் சட்டை தைத்து, மேட்டுப்பாளையத்தில் போட்டுவிடலாம் என்று மடித்து வைத்திருந்தார். “இன்னாக்கா, மாப்ள வீட்டுக்கா போறாங்க?” என்று நிலையத்துப் பெண்கள் கேலி செய்தார்கள்.

சனிக்கிழமை விடியும் முன் கிளம்பினோம். பனி ரோட்டை மூடியிருந்தது. தெருவில் பெண்கள் கோலம் போட்டுக்கொண்டிருந்தார்கள். கிறிஸ்தவர் வீடுகளில் நட்சத்திர விளக்குகள் இன்னும் அணையவில்லை. கோதண்டம் சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். கறுப்பு வேட்டி, கழுத்தில் துளசி மாலை, காலில் செருப்பில்லை. விரதத்தில் இருப்பவர் பெண்களை அம்மா என்றும் மற்ற யாரையும் சாமி என்றும்தான் கூப்பிட வேண்டும். கோதண்டம் அதில் விதிவிலக்கே வைக்கவில்லை. “மணி சாமி, சீட்ட பிறாண்டாதீங்க. ஜிம்மி சாமி, கொஞ்சம் நவுந்து படுங்க” என்று நாய்களிடமும் மரியாதையாகவே பேசிக்கொண்டு வந்தார். திங்கட்கிழமை மாலை அவருக்கு மயிலத்தில் இருமுடி கட்டு. அதற்குள் எங்களை இறக்கிவிட்டுத் திரும்பியாக வேண்டும்.

விழுப்புரத்துக்கு வந்தபோது வெயில் ஏறிவிட்டது. வண்டிக்குள் சூடு பரவியதும் கோதண்டம் மூக்கைச் சுருக்கினார்.

“அம்மா, வண்டில இன்னாமோ வாட அடிக்குது.”

“கேப்பக் களிதான் கோதண்டம். நாயிங்களுக்கு.”

“களி இப்டியா வாட அடிக்கும்?”

“கொஞ்சம் கருவாடு போட்டுப் பெசஞ்சேன்.”

கோதண்டம் வண்டியை ஓரங்கட்டினார். கோபப்படவில்லை, விரதத்தில் கோபம் கூடாது. ஆனால் மாலை போட்டுக்கொண்டு கருவாடு ஏற்றிய வண்டியை ஓட்ட முடியாது என்றார். களி இருந்த தூக்குச் சட்டியைக் கூரை மேல் வைத்துக் கட்டிவிடலாம், அதுவரை அவருக்குச் சம்மதம் என்று முடிவானது. அவர் கூரை மேல் ஏறினார். அக்கா பின்கதவைத் திறந்து தூக்கை எடுத்து நீட்டினார். நான் கயிற்றைப் பிடித்தேன். மூவர் கவனமும் கூரை மேலேயே இருந்தது. கட்டி முடித்துக் கீழே பார்த்தால் ஜிம்மியும் மணியும் இருந்தன. துரை இல்லை.

வண்டிக்கு அடியில் பார்த்தோம், சாக்கடைப் பக்கம் பார்த்தோம். டீக்கடைக்காரரைக் கேட்டேன். “காலைல டீ போடறதா, நாயப் பாக்கறதா? பேஜாரு புடிச்ச நேரத்துல வந்து கேக்கறீங்களே சார்” என்றார். வீட்டு நாய் வீட்டுக்குத்தான் திரும்பும் என்று எனக்குத் தோன்றியது. ஒரு சைக்கிளை வாடகைக்கு எடுத்துக்கொண்டு திண்டிவனம் ரோட்டில் கொஞ்ச தூரம் திரும்பிப் போய்ப் பார்த்தேன். அதற்குள் அக்கா கோதண்டத்தை இரண்டு நாய்களுக்குக் காவல் வைத்துவிட்டு, விழுப்புரம் தொலைபேசி நிலையத்துக்கு நடந்துவிட்டார்.

நான் வெறுங்கையோடு அங்கே போனபோது, சுவிட்ச்போர்டில் இருந்த பத்மா என்ற ஆபரேட்டர் அக்காவை மேலும் கீழும் பார்த்துக்கொண்டிருந்தார். பல வருடங்களாகத் தினமும் லைனில் பேசிக்கொள்பவர்கள். அன்றுதான் முதல் முறையாக நேரில் பார்க்கிறார்கள்.

“நீங்கதான் திண்டிவனம் லூர்து மேரியா? கொரலுக்கு இன்னும் ஒசரமா இருப்பீங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன்க்கா.”

“ஒயர்ல வர்றப்ப கொஞ்சம் நீண்டுடும் பத்மா. முதல்ல எந்நாயிக்கு வழி சொல்லு.”

பத்மா வேலையை நிறுத்தவில்லை. வேலையோடு வேலையாகத் தேடினார். விக்கிரவாண்டி, வளவனூர், உளுந்தூர்ப்பேட்டை என்று சுற்றிலும் இருந்த நிலையங்களுக்கெல்லாம் அடையாளம் சொன்னார். அங்கிருந்த ஆபரேட்டர்கள் லைன் கேட்ட ஒவ்வொருவரிடமும் கேட்டார்கள். “அண்ணே, லைன் தர்றேன். அதுக்கு முன்னாடி, அந்தப் பக்கம் செவல நாய் ஒண்ணு, கெழடு, ஒரு கண்ணுல பூ வுழுந்தது, பாத்தீங்களா?” அரிசி ஆலை, கரும்பு எடைமேடை, போலீஸ் ஸ்டேஷன் எல்லாவற்றுக்கும் இந்தக் கேள்வி போனது. விலை கேட்க வந்தவர்கள் நாயைப் பற்றி விசாரித்துவிட்டுத்தான் விலை கேட்டார்கள்.

முதலில் விக்கிரவாண்டியிலிருந்து பதில் வந்தது. ஒரு கடைக்காரர் நாயைக் கட்டிப் போட்டு வைத்திருப்பதாகச் சொன்னார். நான் நினைத்த திசைதான். அக்கா ரிசீவரை நாயின் காதில் வைக்கச் சொல்லி, “துரை, அம்மாடா” என்றார். அந்தப் பக்கம் ஒரே சத்தம். பிறகு கடைக்காரர் மூச்சிரைக்க வந்தார்.

“எம்மா, ஒயரக் கடிச்சிக் கொதறுதும்மா!”

“அப்ப அது எங்க துரை இல்லீங்க. அவனுக்குக் கடிக்கப் பல்லே கெடையாது. அவுத்து வுட்டுடுங்க, பாவம்.”

வெயில் ஏறிக்கொண்டே இருந்தது. கோதண்டம் வண்டியை நிலையத்து வாசலுக்கே கொண்டுவந்து நிறுத்திவிட்டு இறங்கி வந்தார். “நான் ஒருத்தன் வாய மூடிக்கினு இருந்திருந்தா துரை சாமி வண்டிலயே இருந்திருப்பாரும்மா” என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. அக்கா சொன்னார்: “கருவாடு வச்சது நானு, வேணாம்னது நீ, எறங்கிப் போனது அவன். மூணு பேரு பங்கு இருக்குது. இப்ப பங்கு பிரிக்கிற நேரமா? அவன் எங்கன்னு பாரு.”

நான் திங்கட்கிழமையை நினைவுபடுத்தினேன். இரண்டு நாய்களோடு கிளம்பிவிடலாம், துரை கிடைத்தால் பத்மா பார்த்துக்கொள்வார் என்றேன். அக்கா தலையை ஆட்டினார். “ஒண்ண வுட்டுட்டுப் போனா அது குடி போறது இல்ல தம்பி, ஓடிப் போறது. நீங்க ரெண்டையும் ஏத்திக்கினு கெளம்புங்க. நான் துரையோட வர்றேன். வேல போனா போவுது, ஆபரேட்டராவே இருந்துக்கறேன்.” குரலில் எந்த ஏற்றமும் இல்லை. வந்த உத்தரவை இன்னொரு தடவை வாசிப்பதுபோலச் சொன்னார்.

வண்டிக்குப் போகத் திரும்பியபோது வளவனூர் கூப்பிட்டது. அங்கே ஒரு கருவாட்டுக் கடையில், சரக்கு வந்த டெம்போவில் கூடைகளுக்கு நடுவே ஒரு கிழட்டு நாய் தூங்கிக்கொண்டு வந்திறங்கியிருக்கிறது. நாங்கள் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில் அந்த டெம்போ டீக்கடை ஓரம் நின்றிருக்க வேண்டும். எங்கள் சட்டி மேலே போய்விட்டது. துரை அதைவிட நல்ல வாசனை வந்த வண்டியில் ஏறிவிட்டது. நான் தேடிப் போன திண்டிவனம் ரோடே அல்ல, வேறு திசை. பக்கத்து மண்டியிலிருந்த போனுக்கு நாயைத் தூக்கிக்கொண்டு வரச் சொன்னார் அக்கா.

“துரை, அம்மாடா. எங்கடா போன?”

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு சளசளவென்று ஒரு சத்தம்.

“எம்மா, ரிசீவர நக்குதும்மா! அய்ய, எச்சியா ஊத்துது!”

“அவந்தான்” என்றார் அக்கா. அவ்வளவுதான் சொன்னார். நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். பத்மாதான் அழுதார்.

வளவனூர் கடைத்தெருவில் வேனை நிறுத்தினோம். அக்கா இறங்குவதற்குள் கோதண்டம் இறங்கிவிட்டார். வெறுங்காலோடு கருவாட்டுக் கடைக்குள் போய், கருவாட்டுத் தூள் ஒட்டியிருந்த துரையை மாலை போட்ட மார்போடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்தார். “நீ தொடாதப்பா, நான் தூக்கறேன்” என்று அக்கா ஓடினார். “வாட குளிச்சா போயிடும்மா” என்றார் அவர். வழியில் ஒரு பம்புசெட்டில் குளித்து, சரணம் சொல்லி, அப்புறம்தான் ஸ்டியரிங்கைப் பிடித்தார். தூக்குச் சட்டி கடைசி வரை கூரையில்தான் வந்தது.

கள்ளக்குறிச்சி, ஆத்தூர், சேலம் என்று போய்ச் சேர்ந்தோம். ஞாயிற்றுக்கிழமை காலை கோத்தகிரியில் புல் மேல் வெள்ளையாக உறைபனி கிடந்தது. ஜிம்மியும் மணியும் சாக்குச் சட்டையோடு இறங்கி, காலைத் தூக்கித் தூக்கி வைத்தன. துரை மட்டும் இறங்க மறுத்தது. அக்கா அதைத் தூக்கிக்கொண்டு புது வீட்டுக்குள் போனார். “முதல்ல எவன் வரமாட்டேன்னு அடம் புடிக்கிறானோ அவந்தான் முதல்ல உள்ள போவணும்” என்றார். கோதண்டம் ஒரு டீ குடித்துவிட்டு உடனே வண்டியைத் திருப்பினார். கட்டுக்கு நேரத்தில் வந்துவிட்டதாகப் பிறகு கார்டு போட்டிருந்தார். மறுநாள் அக்கா வேலையில் சேர்ந்தார்.

துரை அந்த மலையில் இரண்டு குளிர்காலம் இருந்தது. அக்கா அங்கேயே ஓய்வு பெற்று, அங்கேயே தங்கிவிட்டார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் என்னைக் கூப்பிடுவார். நலம் விசாரித்துவிட்டு, அப்போது வீட்டில் இருக்கும் நாய்களின் பெயர்களை வரிசையாகச் சொல்வார்.

என் தொழிலில் ஒரு விபத்து நடந்தால் யார் பொறுப்பு என்றுதான் முதலில் கேட்போம். கேட்டாக வேண்டும், அதற்குத்தான் சம்பளம். ஆனால் வீட்டிலும் நண்பர்களிடமும் ஏதாவது தவறிப்போகும்போது, குற்றம் யாருடையது என்று பேச வாயெடுப்பதற்கு முன், காணாமல் போனது இப்போது எங்கே இருக்கும், எப்படி இருக்கும் என்று யோசிக்கப் பழகியிருக்கிறேன். லூர்தக்காவிடமிருந்து எனக்குத் தங்கியது அது.

முப்பதாம் நாள் பூசை கோத்தகிரி கோயிலில் அடுத்த மாத முதல் வாரத்தில் நடக்கும். நாள் இன்னும் குறிக்கப்படவில்லை. கடைசிக் காலத்தில் அக்காவிடம் இரண்டு நாய்கள் இருந்தன. சின்னதைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் எடுத்துக்கொண்டார்கள். பெரியது, கறுப்பு, வயதானது. ஸ்டெல்லா கோவையில் மாடிக் குடியிருப்பில் இருக்கிறார். அங்கே அதை வைத்துக்கொள்ள வழியில்லை. அதை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவரலாமா என்றதற்கு என் மனைவி கேட்டது ஒன்றே ஒன்றுதான்: மலையில் வளர்ந்தது திண்டிவனம் வெயிலைத் தாங்குமா? கால்நடை மருத்துவர் வியாழக்கிழமை வந்து பார்க்கிறார். வெயிலைப் பற்றியும் பயணத்தைப் பற்றியும் அவர் சொல்வதைக் கேட்டு, வெள்ளிக்கிழமை காலை அழைப்பதாக ஸ்டெல்லா சொல்லியிருக்கிறார். அதுவரை வேறு யாருக்கும் கொடுத்துவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.