கடல் தாண்டி இனித்த ஆப்பிள்

மெர்லோடு பத்தொன்பது வருடம் ஒரே கொட்டகையில் ஆப்பிள் பொதிந்தவள் நான். டாஸ்மேனியாத் தீவில், எங்கள் ஹியூவான் ஆற்றங்கரையில், அவளைப் போல் வேகமான கை யாருக்கும் கிடையாது. வாயும் அப்படித்தான். ஒவ்வொரு பழத்தையும் மெல்லிய தாளில் சுற்றிப் பெட்டியில் அடுக்குவோம். பெட்டிகள் கப்பலேறி இங்கிலாந்து போகும்.

மெர்லும் அவள் கணவன் க்ளாரியும் வளர்த்தது ஸ்டர்மர் என்ற ஜாதி. பறிக்கும்போது பல் கூசும் புளிப்பு. இங்கே ஒருவரும் தொட மாட்டார்கள், கழித்ததெல்லாம் பன்றிக்கு. கடலில் ஆறு வாரம் போனால்தான் அது இனிக்கும் என்று நம்பினோம். வீட்டில் வைத்துப் பார்க்க யாருக்கும் தோன்றவில்லை.

சுற்றும் தாளில் எங்கள் பெயரும் விலாசமும் எழுதி அனுப்புவது கொட்டகைப் பெண்களின் விளையாட்டு. ஒருமுறை இங்கிலாந்தின் லீட்ஸ் நகரிலிருந்து யாரோ ஒருத்தி மெர்லுக்குத் தபால் அட்டை போட்டாள்: "உன் ஆப்பிள் தேன்." அது அவள் சமையலறைச் சுவரிலேயே மஞ்சளாகிப்போனது.

"ஒரு தடவ அங்க போயி, என் ஆப்பிள நானே வாங்கித் தின்னணும்டி."

"உன்னையும் தாள்ல சுத்தி அனுப்பிடவா?" என்பேன். சிரிப்பாள். ஆனால் அந்த ஆசை சிரிப்பல்ல, எனக்குத் தெரியும்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்து மூன்றில் இங்கிலாந்து ஐரோப்பியப் பொதுச் சந்தையில் சேர்ந்தது. புதுச் சம்பந்தம் கிடைத்ததும் எங்களை வாசலில் நிறுத்திவிட்டார்கள். பிரெஞ்சு ஆப்பிளுக்கு வரியில்லை. எங்கள் ஆப்பிளுக்கு வரி. கப்பல்கள் குறைந்தன. மரங்களைப் பிடுங்கினால் உதவித்தொகை என்றது அரசாங்கம்.

"ஒரு மரமாவது விடு, க்ளாரி," என்றாள் மெர்ல்.

"விட்டு? நீ திங்கப் போறியா?"

மே மாதம் புல்டோசர் வந்தது. மரங்களைக் குவித்து எரித்தார்கள்.

ஆகஸ்டில் கொட்டகையைக் காலி செய்யப் போனோம். சாக்குகளுக்கு அடியில் ஒரு பெட்டி. கடைசிக் கப்பலுக்குத் தப்பியது. திறந்ததும் வாசனை தூக்கியது. மெர்ல் ஒன்றைக் கடித்தாள். மெல்லவில்லை, அப்படியே நின்றாள்.

"கடலே வேண்டாம்டி," என்றாள். "சும்மா வச்சிருந்தாப் போதும்."

நானும் கடித்தேன். அழுகை வந்தது. பத்தொன்பது வருடம் என் கையில் இருந்த பழம்.

க்ளாரி உள்ளே வந்தான். அவனுக்கும் ஒன்று கொடுத்தாள். ரசித்துத் தின்றான்.

"பிரமாதம்! எந்தக் கடைல வாங்கின?"

மெர்ல் அந்தப் பழத்தின் தாளை நீவி விரித்து அவனிடம் நீட்டினாள். அதில் அவர்கள் வீட்டு விலாசம் இருந்தது.