டெரிக் மாசிலாமணியின் கடைசி ரெக்கார்டு

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் விடுங்கள். நான் குடிக்கிறவன் இல்லை. எங்கள் சபையில் பேய் என்று வாயெடுத்தாலே பாஸ்டர் முறைப்பார். ஆனாலும் இது நடந்தது. போன மே மாதம், சித்தூரில், என் வீட்டில், பட்டப்பகலில்.

முதலில் ரெக்கார்டு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மெட்ராஸில் டெரிக் மாசிலாமணி என்று ஒரு ராக் பாடகர் இருந்தார். உங்களுக்குத் தெரிந்திருக்காது. அவருடைய பாட்டுகளைக் கம்பெனிக்காரர்கள் விளம்பரத்துக்காகக் கொஞ்சம் ரெக்கார்டு அடித்து ரேடியோக்காரர்களுக்கு இனாமாக அனுப்பினார்கள். வெள்ளை லேபிள், அதன்மேல் 'விற்பனைக்கு அல்ல' என்று முத்திரை. கடைக்கு வருவதற்குள் கம்பெனி படுத்துவிட்டது. ஆக, மிச்சம் இருப்பது அந்த இனாம் ரெக்கார்டுகள்தான். அவற்றைத் தேடி அலைந்த பைத்தியங்கள் இரண்டு பேர். ஒன்று கிருபானந்தமாகிய நான். இன்னொன்று என் மகள் கேசியா.

எங்களுக்கு ஒரு முறை உண்டு. புது ரெக்கார்டை முதல் தடவை ஓட்டும்போது நான் ப்ளேயர் பக்கத்தில் உட்காருவேன். அவள் உள்ளறையில் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். கீறல் சத்தம் வந்தால் சுவரில் ஒரு முறை தட்டுவாள். பாட்டு முடிந்தால் இரண்டு முறை. ஊசியை எடு என்று அர்த்தம். நாங்கள் இருப்பது பழைய மிஷன் கட்டடத்தின் மாடி, பலகைத் தரை. யாராவது நடந்தால் ஊசி குதித்து ரெக்கார்டு பாழாகிவிடும். அதனால் முடிகிறவரை யாரும் எழுந்திருக்கக் கூடாது.

கேசியாவுக்குத் தொண்டையில் கட்டி வந்தது. திருப்பதி ஆஸ்பத்திரியில் குழாய் போட்டார்கள். அதோடு பேச்சு நின்றது. கட்டில் கம்பியைத் தட்டித்தான் தண்ணீர் கேட்பாள். மாசிலாமணியின் ஒரே ஒரு ரெக்கார்டு மட்டும் எங்களிடம் இல்லை. 'கெடச்சுதா நைனா?' என்று போனில் எழுதி எழுதிக் காட்டுவாள். கிடைக்கவில்லை. பிப்ரவரியில் போய்விட்டாள். இருபத்திரண்டு வயசு. என்னத்தைச் சொல்ல.

மே மாதம் பங்காருபாளையத்திலிருந்து மாங்காய் மண்டி நாகபூஷணம் போன் செய்தார். அவருடைய அண்ணன் மெட்ராஸ் ரேடியோவில் வேலை பார்த்தவர். அண்ணனின் பழைய பெட்டியில் வெள்ளை லேபிள் ஒன்று கிடக்கிறது, வந்து பார் என்றார். விடிந்ததும் ஓடினேன். அதேதான். திரும்பி வரும்போது பஸ்ஸில் அதை மடியில் வைத்துக்கொண்டு அழுதேன். பக்கத்து சீட்டுக்காரர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

வீட்டில் யாரும் இல்லை. என் மனைவி தபீதாள் ரேணிகுண்டாவில் அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்தாள். கதவைத் தாழ் போட்டேன். மணி பன்னிரண்டு இருக்கும். கேசியா ஆசைப்பட்ட பாட்டு, அவள் பேரைச் சொல்லி ஊசியை வைத்தேன்.

கிடார். அப்புறம் அந்தக் கரகரத்த குரல்...

டிக்.

தூசி என்று நினைத்தேன்.

கொஞ்சம் கழித்து மறுபடியும். இந்தத் தடவை ஸ்பீக்கரில் முதலில் ஒரு கீறல் சத்தம். அதற்கு அப்புறம் டிக். அது ஸ்பீக்கரிலிருந்து வரவில்லை.

உள்ளறைச் சுவரிலிருந்து வந்தது.

எலியாக இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். எலி எங்கேயாவது கீறலுக்குக் காத்திருந்து தட்டுமா?

கீறல்... டிக்.

கீறல்... டிக்.

எழுந்து போனால் பலகை அதிரும். ஊசி குதிக்கும். இருப்பதே ஒரு ரெக்கார்டு. அதைவிட இன்னொரு பயம். போய்ப் பார்த்து, அங்கே யாருமே இல்லாவிட்டால்...? உட்கார்ந்தே இருந்தேன். சட்டை நனைந்துவிட்டது.

பாட்டு முடிந்தது. ஊசி கடைசி வட்டத்தில் சுற்றியது. சர்ர்... சர்ர்...

டிக் டிக்.

ஊசியை எடு என்கிறாள்.

நான் எடுக்கவில்லை. எடுத்தால் போய்விடுவாள்.

"ஊசி தேஞ்சா தேயட்டும் கண்ணு," என்றேன். "நீ தட்டிக்கினே இரு."

டிக் டிக்.

டிக் டிக்.

ஜன்னல் வெயில் மெல்ல நகர்ந்து எதிர்ச் சுவருக்குப் போனது. நான் அசையவில்லை. தட்டுவது வேகமானது. அப்புறம் மெதுவானது...

அப்புறம் இல்லை.

அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது. ஃபேன் நின்றது. ப்ளேயர் தள்ளாடி நின்றது. உள்ளறைக்கு ஓடினேன். கட்டில். தலையணை. வேறு ஒன்றும் இல்லை. தரையில் விழுந்து அழுதேன்.

மறுநாள் காலையில் கீழ்வீட்டு மோனிகா என்னைப் படியில் நிறுத்தினாள். நர்ஸ் வேலை. வேலூரிலிருந்து வந்து குடியேறி நாலு நாள்தான் ஆகிறது. தெருவில் அவளுக்கு யாரையும் தெரியாது. எங்கள் வீட்டுக் கதையும் தெரியாது.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். நேத்து கீழ இருக்கிற உங்க மெயின் சுவிட்ச நான்தான் ஆஃப் பண்ணேன்."

ஏன் என்று கேட்டேன்.

"உங்க பொண்ணு வந்து சொல்லுச்சு சார். எங்க நைனா பாட்டுப் பொட்டியாண்டயே ஒக்காந்துக்கினு இருக்குது, காலைலருந்து ஒண்ணும் துன்னல, நான் சொன்னா கேக்க மாட்டேங்குது, நீங்களாவது கரண்ட நிறுத்துங்கக்கான்னு கெஞ்சுச்சு."

உண்மைதான். காலையிலிருந்து நான் எதையும் சாப்பிட்டிருக்கவில்லை. படிக் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

மோனிகா சிரித்துக்கொண்டே பையைத் தோளில் மாட்டினாள்.

"நல்ல குரல் சார் அதுக்கு," என்றாள். "பாடுமா?"