ஒரிஜினல் பெட்டி

காலை எட்டு பத்துக்கு, மலேசியாவின் பொந்தியானில், மாமாவின் அன்னாசித் தோட்டத்தில் நான் முதலில் பார்த்தது மெக்கானிக்கின் கறைபடாத வெள்ளைச் சட்டையை. மாமாவுக்கு இருப்பது ஒரே சின்ன டிராக்டர். அதற்கு ஒரிஜினல் ஆயில் ஃபில்டர்தான் வேண்டும் என்று சொல்லியிருந்தார். மெக்கானிக் மூலை நைந்த கம்பெனிப் பெட்டியைத் தடவிக் காட்டினார்.

"உள்ள இருக்கிற ஃபில்டர்ல வேற கம்பெனி பேரு இருக்கேண்ணே?" என்றேன்.

"பேரப் பாத்தா இன்ஜின் ஓடுதா லா, தம்பி?"

மாமாவும் சேர்ந்து சிரித்தார். ஃபில்டரை மாட்டியதும் மெக்கானிக் காலிப் பெட்டியைத் துடைத்து, அடுத்த தோட்டத்துக்காகப் பையில் வைத்துக்கொண்டார். இவ்வளவு மலிவான திருட்டை இவ்வளவு பக்தியோடு செய்தவரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

நடவு வாரத்தில் இன்ஜின் இறுகி நின்றது. மாமா மறுபடியும் அதே மெக்கானிக்கைத்தான் கூப்பிட்டார்.